ஓடிய மணியும் மீதி மணியும்: பழைய புல்டோசரை மதிப்பிடும் முறை

பழைய புல்டோசர் ஒன்று விலைக்கு வந்தால், விற்பவர் முந்திக்கொண்டு சொல்வதும் வாங்க வருபவர் முதலில் கேட்பதும் ஒரே எண்ணைத்தான்: இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? லாரிக்குக் கிலோமீட்டர் எப்படியோ, டோசருக்கு ஹவர் மீட்டர் அப்படி. எட்டாயிரம் மணி என்றால் ஒரு விலை, பன்னிரண்டாயிரம் என்றால் வேறு விலை என்று பேரம் அந்த எண்ணிலிருந்தே கிளம்புகிறது. அடுத்து பெயின்ட், எஞ்சின் சத்தம், புகையின் நிறம். இவற்றோடு திருப்தியடைந்து முன்பணம் கொடுத்துவிடுபவர்கள் உண்டு. இந்தப் பழக்கம் கேள்வியையே தவறான இடத்தில் வைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாங்குபவர் இயந்திரம் செய்து முடித்த வேலைக்குக் காசு கொடுக்கவில்லை. இனி அது செய்யப்போகும் வேலைக்குக் கொடுக்கிறார். அப்படியானால் பரிசோதனையின் நோக்கம், ஒவ்வொரு பெரிய பாகத்திலும் மீதி எத்தனை மணி இருக்கிறது, அது தீரும்போது புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்ற இரண்டையும் கணக்கிடுவதுதான். நல்ல வண்டியா மோசமான வண்டியா என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு முடியும்போது தானாகவே விடை கிடைத்துவிடும்.

இந்தியச் சந்தையில் இந்தக் கணக்கு இன்னும் அவசியமாவதற்குக் காரணம் உண்டு. மண் வேலையில் பெரும்பகுதி இன்று எக்ஸ்கவேட்டரிடமும், ஊர்மக்கள் ஜேசிபி என்று அழைக்கும் பேக்ஹோ லோடரிடமும் போய்விட்டது. டோசர் இன்னும் இன்றியமையாததாக இருப்பது சுரங்கம், அணை, பெரிய சாலை, குப்பைக் கிடங்கு போன்ற இடங்களில்தான். விற்பனைக்கு வரும் எண்ணிக்கை குறைவு என்பதால், பழைய காருக்கு இருப்பதுபோல ஊரறிந்த சந்தை விலை இதற்கு இல்லை. வருகிறவற்றில் கணிசமானவை சுரங்க நிறுவனங்கள் கழித்துக் கட்டியவை. 1964இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனம் கோலார் தங்கவயலில் தயாரித்த பிடி-155 போன்ற 320 குதிரைத்திறன் வகை டோசர்கள், கோமாட்சு, கேட்டர்பில்லர் வண்டிகள் ஆகியவை பொதுத்துறை நிறுவனங்களிலிருந்து எம்.எஸ்.டி.சி. போன்ற ஏல அமைப்புகள் வழியாக வெளியே வருகின்றன. நிலக்கரித் துறையில் இப்படிக் கழிப்பதை 'சர்வே ஆஃப்' என்பார்கள். இனி இதைப் பழுதுபார்த்து ஓட்டுவது கட்டுப்படியாகாது என்று பணிமனையும் கணக்குப் பிரிவும் வைத்திருக்கும் சொந்தக்காரரே முடிவு கட்டிய வண்டி அது. அந்த முடிவு தனக்கு ஏன் பொருந்தாது என்று வாங்குபவரால் காரணம் சொல்ல முடிய வேண்டும். அவருடைய வேலை இலகுவானதாக இருக்கலாம், ஆண்டுக்குச் சில நூறு மணி மட்டுமே அவர் ஓட்டலாம், அல்லது அவரிடமே நல்ல பட்டறை இருக்கலாம். எதுவும் இல்லையென்றால், சுரங்கம் கட்டுப்படியாகாது என்று இறக்கிவைத்த சுமையைத் தனியாள் தூக்கிக்கொள்கிறார் என்றே பொருள்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். அத்தகைய சந்தைகளைப் பற்றிய பணிக்காக 2001இல் நோபெல் பரிசும் பெற்றார். வாங்குபவரால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதபோது அவர் எல்லாவற்றுக்கும் சராசரி விலையே தருவார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் விலகிக்கொள்வார். மிஞ்சுவது மோசமானவை. அதைக் கண்டு விலை மேலும் இறங்கும். டோசர் சந்தைக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது, ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. காரின் குறைகளில் பல மூடிய பெட்டிக்குள் இருக்கின்றன. டோசரின் மிக விலையுயர்ந்த தேய்மானமோ வெட்டவெளியில், சங்கிலியிலும் ரோலரிலும், அளவுகோல் வைத்து அளக்கும்படி கிடக்கிறது. அறியாமையின் பெரும்பகுதி இங்கே வாங்குபவரே விரும்பி ஏற்றுக்கொண்ட அறியாமை.

ஹவர் மீட்டரை முதன்மைச் சாட்சியாக வைப்பதில் உள்ள சிக்கல் அதைத் திருத்த முடியும் என்பதோடு நிற்பதில்லை. மீட்டரைக் கழற்றி மாற்றலாம், இணைப்பைத் துண்டித்து ஓட்டலாம், பழுதானபின் புதிதாகப் போட்டுப் பழைய கணக்கை எழுதாமல் விடலாம், இவையெல்லாம் உண்மையே. ஆனால் மீட்டர் நேர்மையாக இருந்தாலும், ஒரு மணி இன்னொரு மணிக்குச் சமமாவதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின் மேல் கிடப்பது கடலூர் மணற்கல். இரும்பைத் தின்னும் உராய்வுக்குப் பெயர்போனது. அதைத் தள்ளிய ஆயிரம் மணியும், நெகிழ்ந்த களிமண்ணில் குளக்கரை கட்டிய ஆயிரம் மணியும் மீட்டரில் ஒன்றுபோலத் தெரியும், சங்கிலியில் தெரியாது. ரிப்பரை ஊன்றிப் பாறை பிளந்த மணியும், நிழலில் எஞ்சினை ஓடவிட்டு ஆபரேட்டர் ஓய்ந்திருந்த மணியும் அப்படித்தான். கோமாட்சுவின் கோம்ட்ராக்ஸ், கேட்டர்பில்லரின் புராடக்ட் லிங்க் போன்ற தொலைநிலைக் கண்காணிப்பு வசதிகள் இந்தக் குறையைப் பாதி தீர்க்கின்றன. வண்டி எவ்வளவு நேரம் சும்மா ஓடியது, எவ்வளவு நேரம் வேலை செய்தது, என்ன எச்சரிக்கைகள் எழுந்தன என்பதை அவை பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவைக் கேட்டு வாங்குவது கட்டாயம். ஆனால் ஏலத்துக்கு வரும் பழைய மாடல்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. இருந்தாலும் அது தேய்மானத்தை அளப்பதில்லை, தேய்மானத்துக்கான காரணங்களை மட்டுமே பதிகிறது.

தேய்மானத்தை அளக்க வேண்டிய முதல் இடம் அண்டர்கேரேஜ். சங்கிலி, அதன் பின்னும் புஷ்ஷும், ஷூ, மேல் ரோலர், கீழ் ரோலர், முன்னாலுள்ள ஐட்லர், சங்கிலியை இழுக்கும் ஸ்ப்ராக்கெட் ஆகிய எல்லாம் சேர்ந்தது இது. ஒரு டோசரின் வாழ்நாள் பராமரிப்புச் செலவில் ஏறத்தாழப் பாதியை இந்தப் பகுதி விழுங்கக்கூடும் என்பது தொழிலில் நெடுநாளாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. காரணம் எளிது. முப்பது டன்னுக்கு மேற்பட்ட எடையைச் சுமந்துகொண்டு, மணலும் சேறும் புகுந்த நிலையில், உலோகம் உலோகத்தோடு நாள் முழுவதும் உரசுகிறது. எஞ்சினுக்குள் எண்ணெய் வடிகட்டப்பட்டுச் சுற்றுகிறது. இங்கே உராய்வுப் பொருளே மண்தான். ஆகவே எஞ்சின் நன்றாக இருந்து அண்டர்கேரேஜ் முடிந்துபோன வண்டிகள் சாதாரணமாக விற்பனைக்கு வருகின்றன. அதை மாற்றும் செலவை எண்ணியே பலர் விற்கிறார்கள் என்பதால், வாங்குபவர் கண் முதலில் போக வேண்டிய இடமும் அதுவே.

அளப்பதில் ஒழுங்கு வேண்டும். சங்கிலியைச் சுத்தமாகக் கழுவியபின், ஸ்ப்ராக்கெட் பல்லில் ஒரு பின்னை வைத்து வண்டியை மெதுவாகப் பின்னால் நகர்த்தி மேல்பகுதியை இறுக்கமாக்கி, நான்கு லிங்க்குகளின் நீளத்தைப் பின்னிலிருந்து பின்னுக்கு அளப்பது வழக்கம். கேட்டர்பில்லர் டி6 வகையில் ஒரு லிங்க்கின் புது நீளம் 203 மில்லிமீட்டர், டி8 வகையில் 216 மில்லிமீட்டர். நான்கு லிங்க்குக்கு எத்தனை மில்லிமீட்டர் கூடியிருந்தால் எத்தனை சதவீதம் தேய்ந்ததாகக் கொள்வது என்ற அட்டவணை ஒவ்வொரு மாடலுக்கும் உண்டு. நீளம் கூடுவது பின்னும் புஷ்ஷும் உள்ளே தேய்ந்ததைக் காட்டுகிறது. எண்ணெய் நிரப்பி முத்திரையிட்ட சங்கிலி என்று சொல்லப்படும் ஒன்று நீண்டிருந்தால், முத்திரை உடைந்து எண்ணெய் போய்விட்டது என்று பொருள். வண்டியைச் சற்று ஓட்டிவிட்டு பின் முனைகளின் சூட்டைப் பார்த்தால் எண்ணெயற்ற மூட்டு தனியாகக் கொதிக்கும். புஷ்ஷின் வெளி விட்டம், லிங்க் தண்டவாளத்தின் உயரம், ஷூவின் முகடு, ரோலரின் விட்டம், ஐட்லரின் நடு விளிம்பு எவ்வளவு எடுப்பாக நிற்கிறது என்பவற்றை இரு பக்கமும் தனித்தனியே எழுத வேண்டும். இடப் பக்கம் வலப் பக்கத்தைவிடக் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், சரிவில் ஒரே திசையில் வேலை செய்ததோ ஒரே பக்கமாகத் திரும்பியதோ சட்டம் வளைந்ததோ காரணமாகலாம். மூன்றுக்கும் செலவு வேறு. புஷ் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து லிங்க் நன்றாக இருந்தால், பின்-புஷ்ஷை அரைவட்டம் திருப்பிப் போட்டு மறுபக்க ஆயுளைப் பெறலாம். அந்தத் திருப்புதல் ஏற்கெனவே நடந்துவிட்டதா என்பதை அறியாமல் விலை பேசக் கூடாது. ஒரு முறை மட்டுமே கிடைக்கும் ஆயுள் அது.

இந்த அளவுகளைக் குழப்ப வழிகள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துவைப்பதும் பரிசோதனையின் பகுதியே. சங்கிலி தொய்ந்து தொங்குவதை மறைக்க கிரீஸ் சிலிண்டரை அழுத்தி இறுக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது தொய்வை விட, இறுக்கும் தண்டு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதை. முழுவதும் வந்துவிட்டிருந்தால் இனி இறுக்க இடமில்லை. அதற்கும் மேலே போய் ஒரு லிங்க்கையே கழற்றிச் சங்கிலியைக் குட்டையாக்கியிருக்கலாம். ஷூக்களை இரு பக்கமும் எண்ணி மாடலுக்குரிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது வெளிப்படும். புதிய ஷூவைப் பழைய சங்கிலியில் மாட்டியிருப்பதும், தேய்ந்த ரோலர்மேல் வெல்டிங்கால் உலோகம் ஏற்றிக் கடைந்திருப்பதும், பழைய சங்கிலியோடு பொருந்தாத புது ஸ்ப்ராக்கெட் துண்டுகளைப் பொருத்தியிருப்பதும் பார்த்தவுடன் நன்றாகவே தோன்றும். இவற்றில் ஏமாற்றும் எண்ணம் இல்லாதவையும் உண்டு. கையில் காசு இருந்த அளவுக்கு உரிமையாளர் பாகம் மாற்றியிருப்பார். நோக்கம் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: எல்லாவற்றிலும் வேகமாகத் தீரப்போகிற பாகமே முழு அண்டர்கேரேஜின் மீதி மணியைத் தீர்மானிக்கிறது. பளபளக்கும் ஷூவின் சதவீதத்தைச் சராசரியில் சேர்த்து மனத்தைத் தேற்றிக்கொள்வதில் பயனில்லை.

இந்தக் கணக்கு விலையை எப்படி மாற்றுகிறது என்பதை ஒரு கற்பனை உதாரணத்தால் காட்டலாம். ஒரே மாடல், ஒரே ஹவர் மீட்டர் எண் கொண்ட இரண்டு டோசர்கள். முதல் வண்டி 30 லட்சம், இரண்டாவது 36 லட்சம். அந்த மாடலுக்கு முழு அண்டர்கேரேஜ் மாற்ற 15 லட்சம் ஆகும், குறிப்பிட்ட மண்ணில் அது 5,000 மணி ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 300 ரூபாய். முதல் வண்டியில் 80 சதவீதம் தேய்ந்துவிட்டது என்றால் மீதி 1,000 மணி, மதிப்பு 3 லட்சம். இரண்டாவதில் 30 சதவீதமே தேய்ந்தது என்றால் மீதி 3,500 மணி, மதிப்பு பத்தரை லட்சம். அண்டர்கேரேஜில் மட்டும் ஏழரை லட்சம் வேறுபாடு. விலையிலோ ஆறு லட்சமே. மலிவாகத் தெரிந்த முதல் வண்டி உண்மையில் ஒன்றரை லட்சம் கூடுதல் விலை. அதன் சங்கிலி ஆறே மாதத்தில் தீர்ந்து வேலையின் நடுவில் நின்றால் வரும் நட்டம் இதில் சேரவில்லை. இந்த எண்கள் மாடலுக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். கணக்கின் வடிவம் மாறாது. எஞ்சின், கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் என ஒவ்வொன்றுக்கும் இதே வரியை எழுதிக் கூட்டினால் கிடைப்பதே வண்டியின் உண்மையான விலை.

இதற்கு எதிராகப் பட்டறைகளில் கேட்கும் முதல் வாதம், எஞ்சின்தான் வண்டியின் உயிர், சங்கிலியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. எஞ்சின் திடீரென்று உடைந்தால் வண்டி அன்றே நிற்கிறது. சங்கிலி சொல்லிக்கொண்டே தேய்கிறது. ஆகவே எஞ்சின் பரிசோதனையைக் குறைத்துவிட முடியாது. ஆனால் அதைச் செய்யும் முறையில்தான் பிழை. சூடாக்கி வைத்த எஞ்சினைத் தட்டியவுடன் கிளம்புவதைப் பார்த்து மகிழ்வது எதையும் நிரூபிக்காது. குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்ல வேண்டும். போனவுடன் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்தார்களா என்பது தெரியும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை எரியாத டீசலையோ உள்ளே கசியும் தண்ணீரையோ, கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். எஞ்சின் சுவாசக் குழாயில் அழுத்தத்தோடு புகை வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கலாம். டார்க் கன்வர்டர் உள்ள வண்டியில் ஸ்டால் சோதனை இன்னும் தெளிவாகப் பேசும். பிரேக்கைப் பிடித்தோ, அசையாத மண்மேட்டில் பிளேடை முட்டியோ, கியரில் போட்டு முழு வேகம் கொடுத்துச் சில நொடிகள் சுழற்சியைப் படிக்க வேண்டும். குறிப்பேட்டில் உள்ள எண்ணைவிடக் குறைவாக நின்றால் எஞ்சினுக்கு வலு போதவில்லை. கூடுதலாக ஓடினால் கன்வர்டரோ கியர் பாக்ஸ் கிளட்ச்சோ வழுக்குகிறது. வண்டி இழுக்கவில்லை என்ற ஒரே குறைக்கு இரண்டு முற்றிலும் வேறான செலவுகள் இருக்கின்றன என்பதை ஒரே சோதனை பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஓட்டிப் பார்க்கையில் ஸ்டியரிங் கிளட்ச், பிரேக் இரண்டையும் பளுவோடு, இரு பக்கமும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வெறும் மைதானத்தில் அழகாகத் திரும்பும் வண்டி, பிளேடு நிறைய மண் தள்ளும்போது ஒரு பக்கம் திரும்ப மறுக்கலாம். பின்னர் இறங்கி, ஸ்ப்ராக்கெட்டைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டிகளான இரு பைனல் டிரைவ்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும்; ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் உள்ளே பேரிங்கோ பல்லோ போய்க்கொண்டிருக்கிறது. அடியிலுள்ள காந்தத் திருகைக் கழற்றினால் மாவுபோன்ற நுண்துகள் இருப்பது இயல்பு, கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் இருப்பது ஆபத்து. 1977இல் கேட்டர்பில்லர் டி10 வழியாக அறிமுகமான, ஸ்ப்ராக்கெட்டை மேலே தூக்கி வைக்கும் அமைப்பில் பைனல் டிரைவ் சேற்றிலிருந்தும் நேரடி மோதலிலிருந்தும் விலகி நிற்கிறது. பதிலுக்குச் சங்கிலி நீளமாகிறது, மடங்கும் இடமும் கூடுகிறது. வடிவமைப்பு மாறும்போது செலவு ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. பரிசோதகரின் கண்ணும் கூடவே இடம் மாற வேண்டும். ஹைட்ராலிக்குக்கு அதிக நேரம் தேவையில்லை. பிளேடைத் தரையில் ஊன்றி வண்டியின் முன்பகுதியைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எவ்வளவு வேகமாகத் தானே இறங்குகிறது என்று பார்த்தாலே சிலிண்டர் சீல்களும் வால்வும் தம் நிலையைச் சொல்லிவிடும்.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டாததைச் சொல்ல எண்ணெய்ப் பகுப்பாய்வு இருக்கிறது. எஞ்சின், கியர் பாக்ஸ், பைனல் டிரைவ், ஹைட்ராலிக் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் சிறு குப்பியில் எண்ணெய் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதில் கலந்திருக்கும் உலோகங்கள் எந்தப் பாகம் தேய்கிறது என்று காட்டும். அலுமினியம் கூடினால் பிஸ்டன், குரோமியம் கூடினால் ரிங், செம்பு கூடினால் புஷ்ஷோ கிளட்ச் தட்டோ, சிலிகான் கூடினால் காற்று வடிகட்டியைத் தாண்டிப் புழுதி, சோடியம் கூடினால் குளிர்நீர் கசிவு என்று சந்தேகிக்கலாம். விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆனால் இதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். விற்பனைக்கு முந்தைய நாள் எண்ணெய் மாற்றியிருந்தால் அறிக்கை சுத்தமாகவே வரும். ஆகவே எண்ணெய் எத்தனை மணி ஓடியது என்ற தகவல் இல்லாத அறிக்கைக்கு மதிப்பில்லை. ஒரே ஒரு அறிக்கையைவிட, முந்தைய உரிமையாளரின் இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைத் தொடர் பல மடங்கு மேலானது. புத்தம் புது எண்ணெயே நிரம்பியிருந்தால், கழற்றிப் போட்ட பழைய வடிகட்டியைக் கேட்டு, அதை வெட்டிப் பார்க்கலாம்.

எந்தக் கணக்கிலும் அடங்காத ஒரு பகுதி சட்டகம். மற்றவை தேய்கின்றன, மாற்றப்படுகின்றன. சட்டகம் விரிசல் விட்டால் வண்டியின் முதுகெலும்பே கேள்விக்குள்ளாகிறது. பிளேடைத் தாங்கும் கைகள் சட்டத்தோடு இணையும் இடம், முன்பகுதியின் எடையை இரு சங்கிலிச் சட்டங்களுக்கும் பகிரும் ஈக்வலைசர் தண்டின் இருப்பிடம், பின்னால் ரிப்பர் பொருந்தும் இடம் ஆகிய மூன்றும் முதலில் பார்க்க வேண்டியவை. இங்கே புதுப் பெயின்ட் ஒரு எச்சரிக்கை; மற்ற இடம் மங்கியிருக்க இந்த மூலைகள் மட்டும் பளபளத்தால் சுரண்டிப் பார்க்கும் உரிமையைக் கேட்க வேண்டும். வெல்டிங் செய்ததாலேயே வண்டி கெட்டது என்று சொல்ல முடியாது. ஒழுங்காகச் சாய்வு வெட்டி, சூடேற்றி, தகடு வைத்து வலுப்படுத்திய பழுதுபார்ப்பு பல்லாண்டு நிற்கும். ஆபரேட்டரின் தலைக்கு மேலுள்ள கவிழ்வுக் காப்புச் சட்டகம் மட்டும் இதற்கு விலக்கு. ஐ.எஸ்.ஓ. 3471 தரத்தின்படி சோதித்துச் சான்றளிக்கப்படும் அமைப்பு அது. தயாரிப்பாளரின் ஒப்புதலின்றி அதில் துளையிட்டாலோ வெல்டிங் செய்தாலோ அந்தச் சான்றை நம்ப முடியாது. அதைப் புதிதாகப் போடும் செலவை விலையில் கழித்தே ஆக வேண்டும். டோசர் சரிவில் வேலை செய்யும் இயந்திரம் என்பதால் இதில் பேரத்துக்கு இடமில்லை.

இரண்டாவது மறுப்பு அனுபவத்தின் பெயரால் வருகிறது. இருபது முப்பது ஆண்டு டோசர் பார்த்த மெக்கானிக் ஒரு சுற்று நடந்து, சத்தம் கேட்டு, விலை சொல்லிவிடுவார். அளவுகோலும் ஆய்வகமும் எதற்கு என்கிறார்கள். அத்தகைய மெக்கானிக்கின் கை எங்கே போக வேண்டும் என்ற அறிவை எந்தப் படிவமும் தராது. அதை மறுப்பது அறிவீனம். ஆனால் அவருடைய தீர்ப்பு 'பரவாயில்லை', 'கொஞ்சம் வேலை இருக்கு' என்ற சொற்களில் வருகிறது. கொஞ்சம் என்பது எத்தனை லட்சம் என்று விற்பவரிடம் வாதாட அந்தச் சொல் உதவாது. இரண்டு வண்டிகளை ஒப்பிடவும் உதவாது. அவரே எண்ணை எழுதும்போது அவருடைய அனுபவம் பேரத்தில் ஆயுதமாகிறது. விற்பவரின் ஆளாகவோ தரகரின் நண்பராகவோ இருக்கக்கூடிய மெக்கானிக்கின் வாய்ச்சொல்லை விட, யார் அளந்தாலும் ஒன்றாக வரும் மில்லிமீட்டர் நம்பகமானது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: ஏலத்தில் இதெல்லாம் நடக்காது. வண்டி முற்றத்தில் பேட்டரி இல்லாமல் நிற்கும், குறித்த சில நாட்களில் சுற்றிப் பார்க்க மட்டுமே அனுமதி, 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்' என்பதே நிபந்தனை. இது உண்மை. ஆனால் ஓடாத வண்டியிலும் அண்டர்கேரேஜை அளக்கலாம், சட்டகத்தைப் பார்க்கலாம், அனுமதி கிடைத்தால் எண்ணெய் எடுக்கலாம், வரிசை எண்ணைச் சரிபார்க்கலாம். பார்க்க முடியாத பாகத்துக்கு என்ன செய்வது என்பதற்கும் இதே முறை விடை வைத்திருக்கிறது: அதன் மீதி மணி பூச்சியம் என்று எழுதி, முழு ஓவர்ஹால் செலவைக் கழித்து ஏலம் கேட்பது. அந்த விலைக்கு வண்டி கிடைக்காவிட்டால், கிடைத்தவர் கூடுதல் தகவல் உள்ளவராக இருக்கலாம், அல்லது கூடுதல் துணிச்சல் உள்ளவராக இருக்கலாம். இரண்டாமவரோடு போட்டியிட அவசியமில்லை.

சட்டமும் இந்தக் கவனத்தைத்தான் எதிர்பார்க்கிறது. 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தரம் பற்றிய உத்தரவாதத்தைச் சில சூழல்களில் மட்டுமே விற்பவர்மேல் ஏற்றுகிறது. அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரத்தை நம்பி வாங்கும்போது பொருள் விற்பனைத் தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவும், விற்பவரின் தவறான கூற்றாலோ மௌனத்தாலோ ஏமாந்தவர், சாதாரண அக்கறை எடுத்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் வழியை அடைக்கிறது. இதைப் படித்துவிட்டு, பார்க்காமலே வாங்கினால் உரிமை மிஞ்சும் என்று சிலர் எண்ணக்கூடும். தனியாரிடமும் ஏலத்திலும் வாங்கும் வண்டிக்கு அந்த உரிமை பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருப்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்து 'பார்த்துத் திருப்தியடைந்தேன்' என்று கையெழுத்திடுவதே எல்லாவற்றிலும் மோசமான நிலை: பரிசோதித்தவரின் பொறுப்பு முழுவதும் வந்துவிடுகிறது, பரிசோதனையின் பயன் எதுவும் வருவதில்லை.

உரிமை ஆவணத்திலும் டோசருக்குத் தனிச் சிக்கல் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டுமான இயந்திர வாகனம் என்று வரையறுப்பவை ரப்பர் டயரிலும் ரப்பர் பட்டையிலும் இரும்பு உருளையிலும் ஓடுபவற்றை. இரும்புச் சங்கிலி டோசருக்குப் பொதுவாக ஆர்.சி. புத்தகம் இருப்பதில்லை. யார் உரிமையாளர், யாரிடம் அடமானம் என்று ஒரே ஏட்டில் பார்த்துவிட முடியாது. முதல் விற்பனை ரசீது, இடையில் கைமாறிய ரசீதுகள், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். அசையும் சொத்துகளின்மேல் உள்ள கடன் பதிவை செர்சாய் மத்தியப் பதிவகத்தில் தேடலாம். தகட்டில் உள்ள வரிசை எண்ணும் சட்டகத்தில் பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணங்களோடு பொருந்த வேண்டும். தகடு புதிதாக அறையப்பட்டிருந்தால், சங்கிலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவதே சரி.

கடைசி மறுப்பு, இவ்வளவு பார்த்தால் எந்த வண்டியையும் வாங்க முடியாது என்பது. குறையே இல்லாத பழைய வண்டியைத் தேடுபவருக்கு அது பொருந்தும். மீதி மணியைக் கணக்கிடுபவருக்கு நேர்மாறு: 80 சதவீதம் தேய்ந்த சங்கிலியோடு நிற்கும் வண்டியைக்கூட அவர் தயங்காமல் வாங்கலாம், விலையில் அது கழிந்திருந்தால். ஆண்டுக்கு முந்நூறு மணி மட்டும் ஓட்டும் பண்ணைக்காரருக்கு மீதி 1,000 மணி மூன்று ஆண்டுக்கு மேல் வரும். அன்றாடம் இரண்டு ஷிஃப்ட் ஓட்டும் ஒப்பந்ததாரருக்கு அது மூன்று மாதம்கூட வராது. ஒரே வண்டி ஒருவருக்கு லாபமும் மற்றவருக்கு நட்டமும் ஆவது இதனால்தான். விற்பவருக்கும் இந்த முறையால் இழப்பில்லை. சங்கிலி அளவு, எண்ணெய் அறிக்கை, சர்வீஸ் புத்தகம் மூன்றையும் அவரே முன்வைத்தால், நல்ல வண்டிக்குச் சராசரி விலை ஏற்க வேண்டிய கட்டாயத்திலிருந்து அவர் விடுபடுகிறார். ஏலம் நடத்தும் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் பணிமனையில் ஏற்கெனவே இருக்கும் தேய்மான அளவுகளை ஏலப் பட்டியலோடு வெளியிட்டால் போட்டி கூடும், அரசுக்கு வரும் தொகையும் கூடும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அதுவரை வாங்குபவர் தன் அளவுகோலைத் தானே எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு நாள் வேலையும் விலையில் சிறு பங்கும் செலவழித்து எழுதிய அந்த ஒரு பக்க அட்டவணை பேரத்தில் விலையைக் குறைக்கும். குறையாவிட்டால், வாங்காமல் வருவதற்குத் தெளிவான காரணம் தரும். வாங்கியபின் முதல் ஆண்டில் எந்தப் பாகத்துக்கு எப்போது காசு ஒதுக்க வேண்டும் என்ற பட்ஜெட்டும் அதுவே.